தொரை குடுத்த படம்

என் நைனாவுக்கு,

எத்தனை சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் தோல் வாசனை போகாத உன் வலது கைக்கு முதல்ல ஒரு முத்தம். மீதியெல்லாம் திட்டுதான். அதனாலதான் முத்தத்தை முன்னாலயே குடுத்துட்டேன். எழுதி முடிக்கிறப்ப எனக்கு மனசு வருமோ வராதோ.

நீ மண்ணுக்குள்ள போய் வருசம் திரும்பப் போவுது. கடுதாசி எழுதற முறையைப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு நான்தான் சொல்லித் தர்றேன், நலம், நலமறிய ஆவல்னு. உன்கிட்ட நலம் விசாரிக்க இன்னா இருக்குது? ஆம்பூர்ல வெயில் ஜாஸ்தி, பாலாத்துல தண்ணி கம்மி, அம்மாவுக்கு மூட்டு வலி, எனக்குக் கோவம். இங்க இதுதான் சேதி.

கோவம் எதுக்குன்னு உனக்குத் தெரியும். ஆனா உனக்குத் தெரியாத ஒண்ணு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தொரை உனக்குக் குடுத்த படத்தைப் பத்தினது. யார் வூட்ல பொறந்து, யார் கையில மாறி, எப்படி உன் சுவத்துக்கு வந்து தொங்குச்சுன்னு முழுசாக் கேட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். மொதல்ல இருந்து சொல்றேன். மறந்துட்டேன்னு நீ தப்பிச்சுக்குவே, உன்னை நம்ப முடியாது.

தம்பி சாமுவேல் செத்தப்ப நான் வாணியம்பாடியில இருந்தேன், வாத்திச்சி வேலைக்குப் புதுசாச் சேந்திருந்தேன். நடந்ததெல்லாம் அம்மா சொல்லியும் ஷாப்புல நின்ன மத்த ஆளுங்க சொல்லியும்தான் எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு மூடின, தோல் பதம் பண்ற ஷாப்பை அன்னிக்குத்தான் தெறந்தாங்க. கழிவுத் தொட்டி அடைச்சுக்கிச்சு, உள்ள எறங்கிச் சேறு வாரணும். மூடிக் கெடந்த தொட்டியில கெட்ட காத்து நிக்கும்னு உங்க தொழில்ல கைக்கொழந்தைக்கும் தெரியும். அதுக்குன்னுதானே ஒரு வழக்கம் வெச்சிருந்தீங்க. வாளியில அகல் வெளக்கைப் பத்தவெச்சுக் கயித்துல எறக்கிப் பாக்கணும். வெளக்கு எரிஞ்சா ஆளு எறங்கலாம், அணைஞ்சா ஒருத்தரும் எறங்கக் கூடாது. வெளக்கு எறக்குறது மேஸ்திரி வேலை. மேஸ்திரி நீ.

மெட்ராசுக்குப் போவ வேண்டிய சரக்கு நின்னுபோச்சுன்னு ஷாப்பை நடத்துன வெள்ளைக்காரத் தொரை கடியாரத்தைப் பாத்துக்கிட்டு மேட்டுல நின்னாராம். நீ திரிக்கு எண்ணெய் ஊத்துறதைப் பாத்துட்டு, "இன்னா மேஸ்திரி, பூசை போடுறியா?"ன்னாராம். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்களாம். நீயும் சிரிச்சுக்கிட்டே வெளக்கைக் கீழ வெச்சிட்டே. அதுக்கப்புறம் எவன் எறங்குவான்? மேஸ்திரி வூட்டு ஆளு எறங்கினாத்தான் மத்தவன் எறங்குவான். நீ திரும்பி உன் புள்ளையப் பாத்து, "எறங்குடா"ன்னே.

அவன் எறங்கினான். என்னிக்கு உன் பேச்சைத் தட்டியிருக்கான் அவன்? நீ மேலிருந்து கூப்பிட்டே, பதில் வரல. அப்புறம் கொக்கி போட்டுத்தான் தூக்கினாங்க, தோலைத் தூக்குற கொக்கி.

அதோட விட்டிருந்தா நான் உன்னை என்னிக்கோ மன்னிச்சிருப்பேன், நைனா. அம்மாகூட மன்னிச்சிருப்பா. தொரை கிண்டலுக்கு வெக்கப்பட்டு ஒரு மனுசன் புத்தி கெட்டுப்போனான், அவ்ளோதானே. ஆனா வெசாரணைக்கு அதிகாரி வந்து நாற்காலி போட்டு உக்காந்தப்ப, ஷாப்பு ஜனம் மொத்தமும் நிக்கிற எடத்துல, நீ தலைப்பாகையைக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வாயைத் தெறந்தியே.

"எம்புள்ள குடிச்சிருந்தாங்க. வேணாம் வேணாம்னேன், தானா எறங்கிட்டான்."

கள்ளுக்கடைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காத புள்ள அவன். கண்ணாலத்துக்குக் கோயில்ல ஓலை வாசிச்சு, யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டிருந்தாங்க, சபையில ஒருத்தரும் ஒரு கொறையும் சொல்லல. நீ சொன்னே. அம்மா அங்கதான் நின்னா. கத்தல, மாரடிக்கல. உன் வாயையே பாத்துக்கிட்டு நின்னாளாம். அன்னியிலேருந்து உனக்குச் சோறு போட்டா, பேச்சுப் போடல.

மறுநாளு தொரை உன்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் குடுத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெருசு, கண்ணாடிச் சட்டம் போட்டது. பளிங்கு மேடை, சுத்தி செடிகொடி, நடுவுல ஒரு ராசகுமாரி. கையுறை மாட்டின அவ கையில ஒரு வல்லூறு. நீ அதை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்தே. தொரை சொன்னதை வேத வசனம் மாதிரி மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தே: நவாப் வூட்டுப் படம், இத்தினி நாளா எங்க சுவத்துல இருந்தது, விசுவாசமான மேஸ்திரிக்கு எங்க வூட்டுப் பொருளையே குடுக்கறேன். வூட்டுக்கு வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லுவே. எம்மாம் மரியாதை பாருன்னுவே.

இன்னொண்ணும் சொல்லுவே. சாமுவேல் படுத்த பாயை இன்னும் சுருட்டல, அம்மா மூலையில கெடக்கறா. நீ படத்தை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, "இந்தக் கையுறை வெள்ளாட்டுத் தோல். ஆவாரம்பட்டையில பதமா ஊறினது. செம்மறியா இருந்தா இப்டி மடிப்பு விழாது"ன்னு என்கிட்ட சொன்னே. அந்த ராசகுமாரி மொகத்தை நீ பாத்த மாதிரியே தெரியல, உன் கண்ணு முழுக்கக் கையுறை மேலதான். பெத்த புள்ளை சாவுக்கு வந்த மகளுக்கு ஆறுதல் சொல்ல உனக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?

அப்புறம் சாமுவேலுக்கு இன்னா ஆச்சுன்னு உனக்கு நல்லாவே தெரியும், ஆனாலும் நான் சொல்லுவேன். போதகர் ஐயா குடியோட கேட்டைப் பத்திப் பிரசங்கம் பண்றப்பெல்லாம் பேர் சொல்லாம அவனைச் சொன்னார். பேர் சொல்லலன்னா யாருக்குத் தெரியாது? கதர் சட்டைக்காரங்க கள்ளுக்கடை முன்னால மறியல் பண்ணப்ப பேரோடயே சொன்னாங்க. அவனுக்கு ஓலை வாசிச்ச பொண்ணு வேறொருத்தனைக் கட்டிக்கிட்டு, ஒரு குடிகாரன் கையிலேருந்து கர்த்தர் என்னைத் தப்புவிச்சார்னு எழுப்புதல் கூட்டத்துல எழுந்து சாட்சி சொன்னா. நீயும் அந்தக் கூட்டத்துல இருந்தே. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க, நீயும் சொன்னே. எங்க தெருவுல புள்ளைங்களைத் திட்டுற வார்த்தையே மாறிப்போச்சு, சாமுவேல் கணக்கா ஆயிடாதடான்னு.

பல வருசம் கழிச்சு வந்த அந்தக் கத்திரி வெயில் கதையை மட்டும் விட்டுட முடியுமா? படத்துல சாயம் சின்னச் சின்னதா வெடிக்க ஆரம்பிச்சுது. உனக்கு உசுரே போவுற மாதிரி ஆயிடுச்சு. ஒரு தோல் காஞ்சு வெடிச்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? எண்ணெய் போட்டுத் தேய்ப்பீங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு, படத்தை மடியில வெச்சுக்கிட்டு, நல்லெண்ணெயைத் தொட்டுக் கட்டைவெரலால நெருடி நெருடி எறக்கினியே. காயிதத்துக்கும் தோலுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியலியா, இல்ல உலகத்துல எல்லாமே தோல்தான்னு நெனச்சியா? ராசகுமாரி மொகம் பொடிப் பொடியா உன் வெரல்ல ஒட்டிக்கிட்டு வந்திருச்சு. வல்லூறு பாதி போச்சு, மேடை கறுத்துப்போச்சு. கையுறை மட்டும் அப்படியே நின்னுச்சு. அம்மா எட்டிப் பாத்துட்டுச் சிரிச்சா. அத்தினி வருசத்துக்கு அப்புறம் அந்த வூட்ல கேட்ட மொத சிரிப்பு அதுதான். நீ கட்டைவெரலை வேட்டியில தொடச்சுக்கிட்டு மறுபடி சுவத்துல மாட்டினே. மொகமில்லாத பொண்ணைச் சுவத்துல மாட்டி வெச்ச வூடு ஆம்பூர்லயே நம்ம வூடுதான்.

கழுத்துல கறுப்புக் கொப்புளம் வந்து நீ படுத்தே. தோல் ஷாப்புக்காரங்களுக்கு அந்தக் கொப்புளம் வந்தா பொழைக்கறது கஷ்டம்னு உனக்கே தெரியும். அப்பத்தான் கேட்டே, படத்தைப் பெட்டியில என் நெஞ்சு மேல வெச்சுப் பொதைச்சிடுங்கன்னு. அம்மா கட்டில்கிட்ட வந்தா. அத்தினி வருசமா அடைச்சு வெச்சிருந்த வாயை அன்னிக்குத்தான் உனக்காகத் தெறந்தா.

"சபைக்காரங்களக் கூப்புடறேன். எம்புள்ள குடிக்கலன்னு அவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லு. சொன்னா வெக்கிறேன்."

போதகர் ஐயா வந்தார், மூப்பர்மாருங்க வந்தாங்க. சுத்தி நின்னாங்க. நீ சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டே. எல்லாரும் போனதுக்கப்புறம் என்கிட்ட மெதுவாச் சொன்னே, தொரை மரியாதைக்குக் குடுத்தது, அதை நான் கெடுக்கக் கூடாதுன்னு. அந்தத் தொரை கப்பலேறிச் சீமைக்குப் போய் எத்தினியோ வருசமாச்சே நைனா. வேலை போயிடும்னு பயமா? உசுரே உன்னைவிட்டுப் போய்ட்டு இருந்துச்சே. யாருக்குப் பயந்தே?

அம்மா சொன்ன சொல்லு மாறல. பெட்டியில வேதபுஸ்தகம்தான் வெச்சா. கடைசி மூடி போடறப்ப உன் கை ரெண்டும் காலியாத்தான் இருந்துச்சு. நான் அதைப் பாத்தேன். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

காரியம் முடிஞ்சதும் அம்மா படத்தை என் பையில திணிச்சா. அடுப்புல போட்டா எண்ணெய்ப் பொகை வரும், எடுத்துக்கினு போன்னா. நான் வாணியம்பாடிக்குக் கொண்டுவந்து துணிப்பெட்டியில அடியில போட்டேன். இனிமேதான் உனக்குத் தெரியாத கதை.

எங்க பள்ளிக்கூடத்துல தையல் சொல்லித் தர்றாங்க கைருன்னிசா ஆபா, அக்காவை அவங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. வேலூர்க்காரங்க. ஒரு காலத்துல பெரிய நவாப் குடும்பம், இப்ப தையல் கூலியில சாப்பிடுறாங்க. எனக்கு ரொம்ப தோஸ்து. போன மாசம் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் ரூமுக்கு வந்தாங்க. புடவை எடுக்கறப்ப படம் வெளிய வந்துச்சு. ஆபா கையில வாங்கி ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாங்க. மொகமில்லன்னு பாக்கறாங்கன்னு நெனச்சேன். "இது உனக்கு ஏது?"ன்னு கேட்டாங்க. சொன்னேன், மறைக்காம எல்லாம் சொன்னேன்.

ஆபா சொன்னது இது. இதே மாதிரி ஒரு படம் அவங்க அம்மாவோட தாய்வூட்டுச் சீதனம். மழைக்கு ஒழுவுற வூட்ல, பட்டுத்துணியில சுத்தி அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தாங்களாம், அங்கதான் நனையாதுன்னு. ஒரு நாளு நம்ம ஷாப்புத் தொரைசாணி குதிரை வண்டியில வந்து எறங்கினா. பழைய சாமான் பாக்குற பைத்தியம் அவளுக்கு. படத்தைப் பாத்துட்டு, ரெண்டு நாளு வெச்சிருந்து தர்றேன்னு எடுத்துக்கிட்டுப் போனா. தொரைசாணி கேட்டா இல்லேன்னு எப்படிச் சொல்றது?

திரும்பி வந்தது ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு படமும். ஆபாவோட அம்மா படத்தைப் பாத்த வேகத்துலயே கீழ வெச்சுட்டாங்களாம். நகல். அவங்க படத்துல இருந்தது சிவப்புப் பட்டுக் கையுறை, மேல தங்கச் சரிகை வேலை. அந்தச் சரிகையை வெரலால தடவித் தடவித்தான் ஆபா வளந்தாங்களாம். இதுல இருந்ததோ வெறும் தோல் கையுறை. கொண்டுவந்த ஆளே அதை வரைஞ்ச பெயிண்டர், ஆம்பூர்ல கம்பெனிக்கு போர்டு எழுதுறவன். வாசல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னானாம்.

"சரிகை வேலை நம்ம கைக்கு வராதும்மா. தெரிஞ்ச கையுறைய போட்டுட்டேன்."

அந்தம்மா பிஸ்கட்டை எடுத்துப் பசியில இருந்த புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு, நகலைத் தொரைசாணிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. பிச்சை எடுத்தாலும் எடுப்பேன், இதை என் சுவத்துல மாட்ட மாட்டேன்னு சொல்லிவிட்டாங்களாம். அசல் கப்பலேறிச்சு. நகல் பங்களா சாமான் ரூம்ல கெடந்துச்சு. சுவத்துல இருந்ததாம், எங்க வூட்டுப் பொருளாம்! சோத்துக்கில்லாத ஒரு பொம்பளை வேணாம்னு வீசினதை, நைனா, நீ ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டே. அதுக்குத்தான் என் தம்பியைக் குடிகாரனாக்கினே.

அந்த ஞாயித்துக்கெழமை ரயிலேறி ஆம்பூர் வந்து ஷாப்பு வாசல் கேட்டுக்கிட்ட நின்னேன். நம்ம தோல்ல சீமையில கையுறை தைக்கிறாங்கன்னு, கேட்டுக்கு மேல தகர போர்டுல ஒரு கையுறை வரைஞ்சிருக்குமே. துருப்புடிச்சுத்தான் கெடக்குது, ஆனா தெரியுது. கட்டைவெரல் கிட்ட அதே மடிப்பு, மணிக்கட்டுல அதே சுருக்கம். பையிலேருந்து படத்தை எடுத்துப் பக்கத்துல புடிச்சுப் பாத்தேன், ஒண்ணுதான். நீ தெனம் காலையிலயும் சாயந்திரமும் அந்த போர்டுக்குக் கீழதான் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனே. ஒரு நாளாச்சும் நிமிந்து பாத்தியா?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். நீ சொன்னது சரிதான், அது வெள்ளாட்டுத் தோல்தான். நம்ம ஷாப்புத் தோலு. போர்டு எழுதறப்ப அந்தப் பெயிண்டர் மாதிரிக்கு ஒரு துண்டு உன்கிட்டயே கூட வாங்கிட்டுப் போயிருப்பான். நீ பதம் பண்ண தோலையே பாத்துப் பாத்து நீ மயங்கிக் கெடந்திருக்கே. அங்கயே நின்னு எனக்கு அழுகை வந்துச்சு. உனக்காக அழலைன்னு வெச்சுக்கோ.

வூட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். சிரிப்பான்னு நெனச்சேன், எண்ணெய் போட்ட அன்னிக்குச் சிரிச்ச மாதிரி. சிரிக்கல. அப்படியே தரையில உக்காந்துட்டா. "அடப்பாவி மனுசா, இதுலயும் ஏமாந்துட்டுத்தான் வந்தியா"ன்னா. அப்புறம் முந்தானையில மொகத்தைப் பொத்திக்கிட்டு அழுதா. உன் சாவுக்கு அவ கண்ணுல ஒரு சொட்டு வரலன்னு ஊரே பேசுச்சே, அன்னிக்கு அழுதா பாரு உனக்கு.

பொழுதுசாயறதுக்குள்ள கண்ணைத் தொடச்சுக்கிட்டு எழுந்தா. "நான் சொன்னது சொன்னதுதான். சபை முன்னால சொன்னாத்தான் படம் உங்க நைனாவுக்கு. அந்தாளுக்கு வாய் போச்சு, உனக்கு இருக்குதே"ன்னா. நீ இருக்கற கம்பெனி லைன் வூட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கம்மா, இப்ப இருக்கற தொரையும் அதே கம்பெனிதான்னேன். போனா போவுது, ரெண்டு பானை ஒரு பாய்தானே, வாணியம்பாடியில உன் ரூம்ல ஒரு மூலை இல்லியான்னா.

வருசாந்திர ஜெபம் வர்ற வாரம் வெச்சிருக்காங்க, கோயில்லயே. மகள்ங்கற முறையில உன்னைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை பேசச் சொல்லி மூப்பர் கேட்டிருக்கார். விசுவாசமான மேஸ்திரின்னு எல்லாரும் சொல்லுவாங்க. சாமுவேலுக்கு ஓலை வாசிச்ச அந்தப் பொண்ணும் புருசன் புள்ளைங்களோட வந்து உக்காந்திருப்பா. நான் எழுந்து நிப்பேன். வெளக்கைக் கீழ வெச்சது யாரு, எறங்குடான்னு சொன்னது யாருன்னு சொல்லுவேன். என் தம்பி வாயில கள்ளு வாசனை இல்ல, எங்க நைனா வாயில பொய் இருந்துச்சுன்னு சொல்லுவேன். மரியாதையெல்லாம் அன்னிக்குப் போயிடும் உனக்கு, மிச்சம் மீதி இல்லாம.

அது முடிஞ்சதும் நேரா உன்கிட்டத்தான் வருவேன். கையில படமும் ஒரு மண்வெட்டியும் இருக்கும். உன் தலமாட்டுல தோண்டி, கையுறை உன் மொகத்தைப் பாத்த மாதிரி வெச்சு மூடுவேன், அம்மா பக்கத்துல நிப்பா. இது சத்தியம். அசலோ நகலோ, நீ கேட்டது உனக்கு வந்து சேந்துடும். நீ பாத்துக்கிட்டே கெட. சாமுவேல் எப்பவாச்சும் அந்தப் பக்கம் வந்தான்னா, படத்தைக் காட்டாதே. வெளக்கு எறக்கலைன்னு மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
முதல்ல சாமுவேலுக்கு அக்கா,
அப்புறம் உனக்கு மக,
எஸ்தர்